டாஸ் தோற்ற தலைவரின் ரன்கள்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் ஒரே பிற்பகலுக்குள் இரண்டு பருவங்கள் வந்துபோகும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று இறங்கும். குற்றாலத்திலும் இலஞ்சியிலும் சாரல் நனைத்துக்கொண்டிருக்கும்போதே, சில கிலோமீட்டர் கிழக்கே பாவூர்சத்திரத்தில் வெயில் காயும். காற்று வலுத்தால் சாரல் அங்கேயும் எட்டிப்பார்த்துவிட்டு அரை மணியில் ஓய்ந்துவிடும். குளத்தங்கரைப் பொட்டலில் எட்டு ஓவர், பத்து ஓவர் என்று டென்னிஸ் பந்துப் போட்டி நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் அத்துபடி. நனைந்த பந்து கனக்கும், எழும்பாது, வீசுகிறவன் விரலில் வழுக்கும். எதிர்காற்றில் தூக்கி அடித்த பந்து எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே விழுந்து கேட்ச் ஆகும். அதனால்தான் ‘பூவா தலையா’ என்று நாணயத்தைச் சுண்டும்போது இரண்டு அணிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. டாஸ் போனால் பாதி மேட்ச் போச்சு என்று சொல்லாத ஆட்டக்காரரை இந்தப் பக்கம் காண்பது கடினம்.

அணிக்கு டாஸ் எவ்வளவு முக்கியம் என்பதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதைவிடக் குறுகலான, அதனாலேயே கடினமான கேள்வி ஒன்று உண்டு. நாணயம் விழும் இடத்தில் நிற்கும் அந்த ஒரு மனிதரின் சொந்த ஆட்டத்தை டாஸ் மாற்றுகிறதா? அவர் எடுக்கும் ரன்னும் வீழ்த்தும் விக்கெட்டும் பூ விழுந்தால் ஒரு மாதிரி, தலை விழுந்தால் ஒரு மாதிரி இருக்குமா? உள்ளூர் ஆட்டத்தில் இந்தக் கேள்விக்கு எடை கூடுதல். சர்வதேச அணியில் தலைவர் பதினொருவரில் ஒருவர். ஊர் அணியில் பெரும்பாலும் அவரே சிறந்த மட்டையாளர், அவரே முக்கியப் பந்துவீச்சாளர். டாஸ் அவரைத் தொட்டால் அணி முழுவதையும் தொட்டதாகிவிடும்.

முதலில் நாணயத்தின் நேர்மை. புள்ளியியலாளர் பெர்சி டயகோனிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007இல் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள்: சுண்டும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் விழுவதற்குச் சற்று அதிக வாய்ப்பு, சுமார் 51 விழுக்காடு, உண்டு என்றார்கள். 2023இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று 3,50,757 முறை நாணயத்தைச் சுண்டிப் பார்த்து 50.8 விழுக்காடு என்று கண்டது. கிரிக்கெட்டில் உள்ளூர்த் தலைவர் சுண்டுகிறார், விருந்தாளித் தலைவர் நாணயம் காற்றில் இருக்கும்போது பக்கம் சொல்கிறார். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துச் சொன்னாலொழிய அந்த 0.8 யாருக்கும் உதவாது. ஆக, டாஸ் நேர்மையான குலுக்கல்தான். ஆய்வாளனுக்கு இது பெரிய கொடை. மருந்தின் பலனைச் சோதிக்க நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிப்பார்களே, அந்த வேலையை கிரிக்கெட் நூற்றாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு போட்டியின் தொடக்கத்திலும் தானாகவே செய்துகொண்டிருக்கிறது.

அந்தக் கொடையை ஆய்வாளர்கள் அணி அளவில் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1990களின் இறுதியில் பேசில் டி சில்வா, டிம் ஸ்வார்ட்ஸ் இருவரும் ஒருநாள் சர்வதேசப் போட்டிகளை ஆராய்ந்து, சொந்த மண்ணில் ஆடுவது பெரிய சாதகம், டாஸை வெல்வது அப்படியொன்றும் சாதகம் இல்லை என்று முடித்தார்கள். 2004இல் ஆல்சாப், கிளார்க் என்ற இருவர் டெஸ்ட் போட்டிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, டெஸ்டில் இரண்டாவதாக மட்டை பிடித்த அணிகளே கூடுதலாக வென்றிருந்தன. முதலில் பேட்டிங் செய்வதே விவேகம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்களுக்கு அது சங்கடமான செய்தி.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது பொருளியலாளர் வி. பாஸ்கர் 2009இல் வெளியிட்ட ஆய்வு. அவருடைய தர்க்கம் எளியது. இரண்டு அணிகளின் நலன்களும் நேர் எதிரானவை. இன்றைய பிட்சில் முதல் அணி முன்னால் பேட்டிங் செய்வது அந்த அணிக்கு நல்லது என்றால், இரண்டாவது அணிக்கு அது கெட்டதாகத்தான் இருக்க வேண்டும். அப்படியிருக்க, ‘இன்று நீங்கள்தான் முதலில் ஆட வேண்டும்’ என்று ஒருவரும் ‘ஆமாம், நாங்கள்தான் ஆட வேண்டும்’ என்று மற்றவரும் மனதார ஒத்துப்போகக் கூடாது. ஒத்துப்போனால் இருவரில் ஒருவர் தவறாகக் கணித்திருக்கிறார். ஒருநாள் போட்டிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது தலைவர்கள் அடிக்கடி அப்படி ஒத்துப்போயிருந்தார்கள். அவர்கள் எடுத்த முடிவுகள் பல நேரம் தங்கள் அணியின் வெற்றி வாய்ப்பையே குறைத்திருந்தன. நாணயம் தருவது தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்றை மட்டுமே. அந்த உரிமையை வீணடிப்பதற்கும் அதே தலைவருக்கு முழுச் சுதந்திரம் உண்டு.

தனிமனிதரின் ஆட்டத்துக்கு வரும்போது இந்த வேறுபாட்டைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். ‘டாஸ் வென்று முதலில் பேட்டிங் தேர்ந்தெடுத்த போட்டிகளில் இன்ன தலைவரின் சராசரி இவ்வளவு’ என்று தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடும். அந்த எண் நம்பத்தகுந்ததுபோலத் தோன்றும். ஆனால் தலைவர் பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்ததே பிட்ச் மட்டைக்கு நல்லதாகத் தெரிந்ததால். நல்ல பிட்சில் எல்லோரும்தான் ரன் அடிப்பார்கள். அங்கே உயர்ந்து தெரிவது பிட்சின் குணம். நாணயம் குலுக்கியது டாஸின் வெற்றி தோல்வியைத்தான், தேர்வைக் குலுக்கவில்லை. சரியான கணக்கு வேண்டுமென்றால் டாஸ் வென்ற எல்லாப் போட்டிகளையும், அதற்குப் பின் என்ன தேர்ந்தெடுத்திருந்தாலும், ஒரு பக்கம் வைத்து, தோற்ற எல்லாப் போட்டிகளையும் மறுபக்கம் வைக்க வேண்டும்.

நம் சேப்பாக்கத்திலேயே இதைப் பார்க்கலாம். 1986 செப்டம்பரில் நடந்து சமனில் முடிந்த அந்தப் புகழ்பெற்ற டெஸ்டில் டாஸை வென்றவர் ஆலன் பார்டர். பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்து அவரே 106 ரன் அடித்தார், ஆஸ்திரேலியா ஏழு விக்கெட்டுக்கு 574. டாஸைத் தோற்ற கபில்தேவ், அந்த வெக்கையில் இரண்டு நாள் பீல்டிங் செய்தபின், விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருந்த நேரத்தில் இறங்கி 119 அடித்தார். இரண்டு தலைவர்களும் சதம். அந்தப் போட்டியை மட்டும் பார்த்தால் டாஸ் தலைவரைத் தொடவே இல்லை.

2021 பிப்ரவரியில் அதே மைதானம் இன்னும் விசித்திரமான இரட்டைச் சோதனையைத் தந்தது. அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட், அதே இரண்டு தலைவர்கள், டாஸ் ஆளுக்கு ஒன்று. முதல் டெஸ்டில் ஜோ ரூட் வென்று பேட்டிங் எடுத்தார். அது அவருடைய நூறாவது டெஸ்ட், 218 ரன் அடித்தார். இங்கிலாந்து 227 ரன்னில் வென்றது. இரண்டாவதில் கோலி வென்றார், இந்தியா முதலில் ஆடியது, பிட்ச் முதல் நாளிலிருந்தே திரும்பியது. ரூட் 6, 33. ரூட்டை வைத்து எழுதினால் டாஸ்தான் எல்லாம் என்று தலைப்பு வைக்கலாம். கோலியை வைத்து எழுதினால் கதை தலைகீழ்: டாஸைத் தோற்றபோது 11, 72. வென்றபோது 0, 62. பதினைந்து நாள்களுக்குள், ஒரே திடலில், ஒரே குலுக்கல் இரண்டு பேருக்கு எதிரெதிர்த் தீர்ப்புகளைச் சொல்லிவிட்டது.

எந்த வழியில் டாஸ் ஒரு தலைவரின் ஆட்டத்துக்குள் நுழைய முடியும் என்று யோசித்தால் மூன்று வழிகள் தெரிகின்றன. மூன்றும் சமமானவை இல்லை.

முதலாவது நேரம். ஆட்டத்துக்கு அரை மணிக்கு முன்னதாக டாஸ் போடக் கூடாது, கால் மணிக்குப் பிந்தவும் கூடாது என்பது விதி. டாஸ் முடிந்ததும் வர்ணனையாளரிடம் பேச வேண்டும், அணிக்கு முடிவைச் சொல்ல வேண்டும். தலைவரே தொடக்க ஆட்டக்காரர் என்றால் பேடு கட்டி மனதை அமைதிப்படுத்திக்கொள்ள மிஞ்சுவது சொற்ப நேரம். ஐ.பி.எல்.லில் 2023 முதல் ஆடும் பதினொருவர் பட்டியலையும் டாஸுக்குப் பிறகே கொடுக்கிறார்கள் என்பதால் அங்கே தலைவரின் தலையில் இன்னும் ஒரு வேலை. நாலாவதாக இறங்குபவருக்கு இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே இந்த வழி தொடக்க ஆட்டக்காரத் தலைவர்களுக்கு மட்டும் திறந்திருப்பது.

இரண்டாவது களைப்பு. இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். 2019 அக்டோபரில் இந்தியாவில் மூன்று டெஸ்ட் ஆடிய தென்னாப்பிரிக்கத் தலைவர் ஃபாஃப் டுப்ளெஸிஸ் மூன்று டாஸையும் இழந்தார். இந்தியா முதல் இன்னிங்ஸில் ஏழு விக்கெட்டுக்கு 502, ஐந்துக்கு 601, ஒன்பதுக்கு 497 என்று அடித்து டிக்ளேர் செய்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு நாளுக்கு மேல் வெயிலில் நின்று, பந்துவீச்சாளர்களை மாற்றி, பீல்டர்களை நகர்த்தி, மாலை மங்கும் நேரத்தில் அவருடைய அணி மட்டையெடுக்க வேண்டியிருந்தது. ராஞ்சியில் மூன்றாவது டெஸ்டுக்கு டாஸ் சொல்ல டெம்பா பவுமாவையே கூட அழைத்துப்போனார். ராசியை மாற்றும் முயற்சி அது, அதுவும் பலிக்கவில்லை. ஆனால் அவர் எடுத்த ரன்களைப் பாருங்கள். முதல் இரு டெஸ்டிலும் முதல் இன்னிங்ஸில் அரைச்சதம், ராஞ்சியில் இரண்டு இன்னிங்ஸிலும் ஒற்றை இலக்கம். நாணயம் மூன்று முறையும் ஒரே மாதிரி விழுந்தது, அவருடைய ஆட்டம் ஒரே மாதிரி இல்லை. தொடர் நீள நீளச் சேர்ந்த களைப்பும், முகமது ஷமி, உமேஷ் யாதவ் இருவரின் வேகமும் இந்த வேறுபாட்டை நாணயத்தைவிட நன்றாக விளக்குகின்றன.

மூன்றாவது, முடிவின் பாரம். டாஸைத் தோற்றவருக்கு இது கிடையாது. வென்றவர் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்தது பிழைத்தால் உலகமே அவரைப் பார்க்கும். 1996 உலகக் கோப்பை அரையிறுதி, ஈடன் கார்டன்ஸ்: அசாருதீன் டாஸை வென்று இலங்கையை ஆடவிட்டார். இலங்கை 251. இரண்டாவது பாதியில் பிட்ச் உடைந்து பந்து திரும்பத் தொடங்க, அசாருதீன் ரன் எடுக்காமல் தர்மசேனாவிடம் அவுட். இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 120 என்றிருந்தபோது கூட்டம் ஆட்டத்தையே நிறுத்தியது. இதைச் சொல்லி, தவறான முடிவு தலைவரின் கையை நடுங்கவைக்கும் என்று வாதிடுவது எளிது. 2002 பிரிஸ்பேனில் நாசர் ஹுசைனும் டாஸை வென்று பீல்டிங் எடுத்தார். முதல் நாள் முடிவில் ஆஸ்திரேலியா இரண்டு விக்கெட்டுக்கு 364. ஆங்கிலக் கிரிக்கெட்டின் மிக மோசமான டாஸ் முடிவு என்று இன்றும் அதைச் சொல்வார்கள். அவ்வளவு அவமானத்துக்குப் பின் மட்டையெடுத்த ஹுசைன் 51 அடித்தார். 2005 எட்ஜ்பாஸ்டனில் ரிக்கி பாண்டிங் அதே தவறைச் செய்தார். அவருடைய வேகப்பந்து வீச்சாளர் மெக்ரா காலை மடித்துக்கொண்ட காலைப்பொழுதில் பீல்டிங் எடுத்து, ஒரே நாளில் 407 ரன் கொடுத்தார். அவரும் முதல் இன்னிங்ஸில் 61 அடித்தார், இரண்டாவதில் பூஜ்யம், ஆஸ்திரேலியா இரண்டே ரன்னில் தோற்றது. பாரம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. அது மட்டை வழியாக வெளிப்பட்டதா என்பதற்கு இந்த மூன்று பேரின் ரன்கள் சாட்சி சொல்லவில்லை.

தனித்தனிக் கதைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் இந்த ஊசலாட்டம் ஓயாது. எனவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் ஒரு சிறு தொகுதியை முழுதாக எடுத்து எண்ணிப் பார்த்தேன்: 1975 முதல் 2023 வரையான ஆண்கள் ஒருநாள் உலகக் கோப்பையின் பதின்மூன்று இறுதிப் போட்டிகள். டாஸை வென்ற அணி கோப்பையை எடுத்தது ஐந்து முறைதான். டாஸை வென்ற தலைவர்கள் பன்னிரண்டு பேர் மட்டை பிடித்தார்கள். இம்ரான் கானின் 72 அவர்களில் உச்சம், பிரெண்டன் மெக்கல்லமின் பூஜ்யம் அடி. மொத்தம் 431 ரன், ஓர் இன்னிங்ஸுக்குச் சுமார் 36. டாஸைத் தோற்ற தலைவர்கள் ஆடியதும் பன்னிரண்டு இன்னிங்ஸ். கிளைவ் லாயிட் 102, மார்க் டெய்லர் 74, பாண்டிங் ஆட்டமிழக்காமல் 140, தோனி ஆட்டமிழக்காமல் 91, மைக்கேல் கிளார்க் 74, ரோகித் 47. மொத்தம் 654, ஓர் இன்னிங்ஸுக்கு 54க்கும் மேல். இறுதிப் போட்டியில் சதம் அடித்த தலைவர்கள் இருவரே, இருவருமே டாஸைத் தோற்றவர்கள். வான்கடேயில் 2011இல் சங்கக்காரா சொன்னது கூச்சலில் கேட்காமல் டாஸையே இரண்டாவது முறை போட்டார்கள். சங்கக்காரா வென்று பேட்டிங் எடுத்து 48 அடித்தார். தோற்ற தோனி அடித்ததை நாடே பார்த்தது.

36க்கும் 54க்கும் இடையே பதினெட்டு ரன். டாஸைத் தோற்பது தலைவருக்கு நல்லது என்று இதைக்கொண்டு ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். எழுதினால் அது பொய்யாகும். லாயிட், பாண்டிங் இருவரின் சதங்களை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தால் தோற்றவர்களின் கணக்கு 41க்கு இறங்கிவிடுகிறது. இரண்டே பிற்பகல்கள் பதின்மூன்று இறுதிகளின் முடிவைத் தீர்மானிக்கின்றன என்றால், நாம் பார்ப்பது டாஸின் விளைவை இல்லை. லாயிடும் பாண்டிங்கும் பெரிய ஆட்டக்காரர்கள் என்பதைத்தான் பார்க்கிறோம்.

இங்கே கொஞ்சம் கணக்குக்குள் போக வேண்டும், கேள்வியின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. மட்டையாளரின் ரன்கள் சராசரியை ஒட்டி ஒழுங்காக நிற்பவை அல்ல. சராசரி 40 உள்ளவர் சரியாக 40 அடிக்கும் நாள் அரிது. 3, 112, 0, 27, 58 என்றுதான் அவர் ரன்கள் ஓடும். இந்தச் சிதறலை அளக்கும் திட்ட விலக்கம், மட்டையாளர்களைப் பொறுத்தவரை, சராசரிக்கு ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். ஒரு தலைவர் டாஸை வென்று ஐம்பது இன்னிங்ஸ், தோற்று ஐம்பது இன்னிங்ஸ் ஆடினார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசத்தின் திட்டப் பிழை சுமார் எட்டு ரன் வரும். அதாவது டாஸுக்கு எந்த விளைவுமே இல்லாவிட்டாலும் பதினைந்து, பதினாறு ரன் வரை வித்தியாசம் தற்செயலாகத் தோன்றலாம். டாஸ் உண்மையில் ஐந்து ரன் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்றால், அதை நம்பிக்கையோடு காண ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஐந்நூறு இன்னிங்ஸ் வேண்டும். டெஸ்டில் மிக அதிகப் போட்டிகளில் தலைமை தாங்கிய கிரேம் ஸ்மித் 109 டெஸ்டில் 8,659 ரன் எடுத்தார். தலைவராக அவர் ஆடிய இன்னிங்ஸ்கள்கூட இருநூறை எட்டவில்லை. எந்தத் தலைவரின் வாழ்நாள் ஆட்டமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போதாது. ‘டாஸ் இவருக்கு ராசி’ என்று ஒருவரைப் பற்றி எழுதப்படும் எதையும் நான் இனி நம்பத் தயாராக இல்லை.

ஒருவரால் தர முடியாத பதிலைப் பல தலைவர்களைச் சேர்த்துப் பார்த்தால் நெருங்கலாம். அப்போதும் ஒவ்வொருவரையும் அவருடைய சொந்தச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். தலைமைப் பொறுப்பே ஆளுக்கு ஆள் வெவ்வேறாக வேலை செய்கிறது. டெண்டுல்கர் 25 டெஸ்டில் தலைமை தாங்கியபோது சராசரி 51.35, மொத்த வாழ்நாளில் 53.78. கோலி 68 டெஸ்டில் தலைவராக 54.80, வாழ்நாளில் 46.85. இந்த வேறுபாடுகளில் வயதும் காலமும் எதிரணியும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்காமல் டாஸைத் தனியே காண முயல்வது வீண்.

அப்படியானால் தனி நிகழ்வுகளுக்குப் பயனே இல்லையா? உண்டு, ஒரு வகையில். ‘டாஸைத் தோற்றால் தலைவர் ஆட முடியாது’ என்ற உறுதியான கூற்றை உடைக்க ஒரு நிகழ்வு போதும். 2025 கோடையில் இங்கிலாந்துக்குப் போன சுப்மன் கில் ஐந்து டெஸ்டிலும் டாஸை இழந்தார். புதிய தலைவர், 25 வயது. லீட்ஸில் 147, எட்ஜ்பாஸ்டனில் 269, 161, மான்செஸ்டரில் தோல்வியைத் தவிர்க்க ஆடிய 103. மொத்தம் 754 ரன். 1978-79இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் கவாஸ்கர் தலைவராக எடுத்த 732ஐ அது தாண்டியது. அந்த ஐந்தில் நான்கு முறை இங்கிலாந்துத் தலைவர்கள் பீல்டிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நாளின் மட்டை கில்லின் கைக்கே வந்தது. எதிரி தேர்ந்தெடுத்தது தனக்கே வாய்ப்பாக அமைந்தது என்றால் டாஸில் இழந்ததுதான் என்ன? பாஸ்கர் எழுதியது மீண்டும் நினைவுக்கு வருகிறது. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: முதல் நான்கு டாஸையும் வென்ற பென் ஸ்டோக்ஸ் மான்செஸ்டரில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டும், பிறகு 141 ரன்னும் எடுத்தார்.

அதே ஆண்டு மார்ச்சில் துபாயில் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி. ரோகித் சர்மா ஒருநாள் போட்டிகளில் தொடர்ந்து பன்னிரண்டாவது டாஸைத் தோற்று பிரையன் லாராவின் பழைய சாதனையைத் தொட்டார். அன்று 76 ரன் எடுத்து ஆட்ட நாயகனும் அவரே. 2021 டி20 உலகக் கோப்பையில், துரத்துகிற அணியே பெரும்பாலும் வென்ற அதே துபாயில், ஆரோன் ஃபின்ச் அரையிறுதி டாஸையும் இறுதி டாஸையும் வென்றார். ஆஸ்திரேலியா கோப்பையை எடுத்தது. ஃபின்ச் எடுத்த ரன்கள் 0, 5. அணிக்கு டாஸ் உதவிய இடத்திலேயே தலைவரின் மட்டைக்கு அது எதுவும் செய்யவில்லை.

நான் வந்து சேரும் இடம் இது: டாஸ் ஆட்டச் சூழலை மாற்றுகிறது, சூழல் எல்லோருடைய ஆட்டத்தையும் மாற்றுகிறது, தலைவருக்கென்று தனியாக அது செய்வது மிகச் சிறியது. சர்வதேச ஆட்டத்தில் ஒரு தலைவரின் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தச் சிறியது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குறுகிய ஓவர் உள்ளூர் ஆட்டத்துக்கு இதை அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம் இருக்கிறது. எட்டு ஓவர் ஆட்டத்தில் நடுவே ஒரு சாரல் விழுந்தால் பந்தும் தரையும் ஒரு பாதிக்கு ஒரு மாதிரி, மறு பாதிக்கு வேறு மாதிரி ஆகிவிடும். பந்து வீசுவதும் தலைவர், முதலில் மட்டை பிடிப்பதும் தலைவர் என்றால், எந்தப் பாதியில் எது என்பதை நாணயம் தீர்மானிக்கிறது. டெஸ்டில் ஐந்து நாளுக்குப் பரவி நீர்த்துப்போகும் விளைவு இங்கே ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஆளின் மீது விழுகிறது.

இதைச் சோதிக்க நல்ல இடம் நம் அருகிலேயே இருக்கிறது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும்வரை எந்த மாவட்டத்தோடு இருந்ததோ அந்தத் திருநெல்வேலியின் சங்கர் நகர் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) போட்டிகள் நடக்கின்றன. 2016இல் தொடங்கிய இந்தப் போட்டியின் பருவமும் குற்றாலச் சீசனும் ஏறக்குறைய ஒன்று. குற்றாலத்தில் நனைக்கும் அதே தென்மேற்குக் காற்று மழைமறைவில் இருக்கும் நெல்லைக்குப் போகும்போது உலர்ந்த வேகக் காற்றாக மாறிவிடுகிறது. 2023 ஜூலை 12 அன்று இறுதிப் போட்டியே அங்கே நடந்தது. கோவை 205 அடித்து நெல்லையை 101க்குள் சுருட்டியது. 104 ரன் வித்தியாசத்தில் முடிந்த அப்படியோர் ஆட்டத்தை எந்த நாணயத்தின் கணக்கிலும் எழுத முடியாது. 2024இல் திண்டுக்கல் அணியின் தலைவர் அஸ்வின் வெளியேற்றும் சுற்று முதல் இறுதி வரை மூன்று ஆட்டத்திலும் முதலில் பந்துவீசி, பிறகு மேல்வரிசையில் இறங்கி 57, ஆட்டமிழக்காமல் 69, 52 என்று அடித்து கோப்பையை எடுத்தார். பந்து வீசியபோதே ஆடுகளம் எப்படி நடக்கிறது என்று படித்துக்கொண்டு மட்டையெடுக்கும் தலைவருக்கு இரண்டாவதாக ஆடுவது தனிச் சாதகமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி. மட்டையாளராக மட்டும் இருக்கும் தலைவர்களை வைத்து அதற்குப் பதில் தேட முடியாது.

டாஸையே ஒழித்துவிடலாம் என்ற பேச்சும் இருக்கிறது. இங்கிலாந்துக் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் 2016 முதல் சில ஆண்டுகள், விருந்தாளி அணி விரும்பினால் டாஸே இல்லாமல் பீல்டிங் எடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். 2018இல் ஐ.சி.சி.யின் கிரிக்கெட் குழு, கும்ப்ளே தலைமையில், டெஸ்டில் டாஸை நீக்குவதா என்று விவாதித்து வேண்டாம் என்று விட்டது. இந்திய வாரியம் 2024-25 பருவத்தில் 23 வயதுக்குட்பட்டோர் சி.கே. நாயுடு கோப்பையில் டாஸை எடுத்துவிட்டு, தேர்வை விருந்தாளி அணிக்குக் கொடுத்தது. உள்ளூர் அணி தனக்கேற்றபடி பிட்ச் தயாரிப்பதைத் தடுக்க இது நல்ல வழி, மறுப்பதற்கில்லை. ஆனால் எனக்கு வருத்தம் உண்டு. குலுக்கல் போனால் சோதனையும் போகும். விருந்தாளி எப்போதும் தேர்ந்தெடுப்பார் என்றால், அந்நிய ஊரில் ஆடும் சிரமமும் தேர்வின் விளைவும் ஒன்றாகக் கலந்துவிடும், பிறகு எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

தென்காசி வட்டாரப் போட்டிகளில் ஸ்கோர் எழுதுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு எந்தப் பல்கலைக்கழகத்தைவிடவும் அதிகம் உதவ முடியும். ஒரு சீசனில் கடையநல்லூர், செங்கோட்டை, சுரண்டை, ஆயிக்குடி என்று நடக்கும் ஆட்டங்களைச் சேர்த்தால் தலைவர்களின் இன்னிங்ஸ்கள் விரைவில் நூற்றுக்கணக்கில் குவியும். இப்போது ஸ்கோர் நோட்டில் டாஸைப் பற்றி வழக்கமாக இருப்பது யார் வென்றார், என்ன எடுத்தார் என்ற ஒரே வரி. அதனோடு இன்னும் சில எழுத வேண்டும்: டாஸ் போட்ட நேரம், முதல் பந்து வீசிய நேரம், தலைவர் எத்தனையாவது ஆளாக இறங்கினார், அதற்கு முன் எத்தனை ஓவர் வீசியிருந்தார், சாரல் எத்தனையாவது ஓவரில் விழுந்து எத்தனையாவதில் நின்றது, காற்று எந்த முனையிலிருந்து வந்தது. தோற்ற தலைவர் வென்றிருந்தால் எதை எடுத்திருப்பார் என்பதையும் டாஸ் போட்ட இடத்திலேயே, முதல் பந்துக்கு முன்பே, கேட்டு எழுதிவிட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் கேட்டால் எல்லோரும் சரியானதைத்தான் எடுத்திருப்பார்கள்.